பழைய கைக்கடிகாரங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சாவி கொடுக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை. கல்யாணப் பந்தியில், ரயிலில், அலுவலகக் கேன்டீனில் எல்லாம் அடுத்து வருவது ஒரு கேள்வி. பல வருடமாகக் கேட்டுக் கேட்டு மனதில் தங்கியவற்றை, அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க நினைப்பவர்கள் முதலிலிருந்து படியுங்கள். அப்பாவின் வாட்ச் பீரோவில் கிடக்கிறது என்பவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம்.

மொபைல்லயே டைம் தெரியுது. அப்புறம் எதுக்கு லட்சக்கணக்குல கொடுத்து வாட்ச் வாங்குறாங்க?

மணி பார்க்க மொபைலே போதும். வாட்ச் சேகரிப்பவர்கள் வாங்குவது உள்ளே இருக்கும் வேலைப்பாட்டை. சாதாரண சாவி வாட்சிலேயே நூற்றுக்கு மேல் பாகங்கள் உண்டு. நீங்கள் முறுக்கி வைத்த வில் மெல்ல மெல்லத் தளர்கிறது. அந்த விசையைப் பற்சக்கரங்கள் கடத்திக்கொண்டு போக, பேலன்ஸ் சக்கரம் அதை ஒரே அளவான துடிப்புகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. பழைய வாட்சுகள் பெரும்பாலும் நொடிக்கு 5 துடிப்பு, இன்றைய பல வாட்சுகள் 8 துடிப்பு. மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை.

அறுபது வருடம் கழித்து அதே வாட்சைப் பிரித்து, கழுவி, ஆயில் விட்டால் மறுபடியும் ஓடும். அறுபது வருடத்துக்குப் பிறகும் ஓடும் என்று நம்பி இன்று எந்த மொபைலை வாங்க முடியும்?

டயல்ல ‘17 ஜூவல்ஸ்’னு போட்டிருக்கு. உள்ளே நிஜமாவே கல் இருக்கா? எடுத்து வித்தா காசு வருமா?

கல் இருக்கிறது, காசு வராது. அவை செயற்கை மாணிக்கங்கள். பிரான்சின் வெர்னுயி 1902-இல் செயற்கை மாணிக்கம் தயாரிக்கும் முறையை வெளியிட்ட பிறகு இவற்றின் விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பற்சக்கரத்தின் அச்சு சுழலும் இடத்தில் உலோகத்தோடு உலோகம் உரசினால் தேய்ந்துபோகும், அதனால் கல்லில் துளையிட்டுப் பதிக்கிறார்கள். முழுமையான சாவி வாட்சுக்கு 17 கல் தாராளம். கை அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்குக்கு இன்னும் சில கூடுதலாக வேண்டும். ‘கல் அதிகம், விலையும் அதிகம்’ என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

பேட்டரி வாட்ச் துல்லியமா ஓடுதே. அதுக்கு ஏன் மதிப்பு இல்ல?

துல்லியத்தில் குவார்ட்ஸ், அதாவது பேட்டரி வாட்ச்தான் கெட்டி. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ ‘ஆஸ்ட்ரான்’ என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதத்துக்கு 5 நொடிக்குள்தான் தவறும். அன்று விலை 4,50,000 யென், கிட்டத்தட்ட ஒரு சின்னக் கார் வாங்கும் பணம். பிறகு விலை சரசரவென்று இறங்கியது, சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் ஆட்டம் கண்டது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த அந்தத் தொழிலில் எண்பதுகளில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1975-இல் ஜெனித் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் அமெரிக்க நிர்வாகம், இயந்திரக் கடிகாரம் செய்யும் கருவிகளைத் தூக்கிப் போடச் சொன்னது. சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி ‘எல் பிரிமெரோ’ என்ற அருமையான இயந்திரத்தின் அச்சுகளையும் வரைபடங்களையும் எடுத்து, ல லோக்ல் ஊரில் இருந்த தொழிற்சாலையின் பரணில் ஒளித்துவைத்தார். எண்பதுகளில் இயந்திர வாட்சுக்கு மறுபடி மவுசு வந்தபோது அவைதான் கைகொடுத்தன. 1988-இல் வந்த ரோலக்ஸ் டேட்டோனாவே அந்த எல் பிரிமெரோவை அடிப்படையாக வைத்துத்தான் ஓடியது. ஆயிரங்களில் விற்கும் பேட்டரி வாட்சுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை கிடைப்பது அரிது. விதிவிலக்கு உண்டு: அந்த முதல் ஆஸ்ட்ரானை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பழைய வாட்ச் எல்லாமே விண்டேஜா? எத்தனை வருஷம் ஆகணும்?

சட்டம் எதுவும் கிடையாது. பேச்சுவழக்கில் முப்பது வருடம் தாண்டினால் விண்டேஜ் என்கிறார்கள். வயது மட்டும் மதிப்பைக் கொடுத்துவிடாது. எண்பது வருடம் பழகிய, லட்சக்கணக்கில் தயாரான, டயல் அழிந்த வாட்ச் ஒன்று வெறும் பழைய வாட்ச்தான்.

தங்க வாட்ச்தானே அதிக விலைக்குப் போகும்?

இதை நம்பாதவர்களை நான் பார்த்ததே இல்லை. நகைக்கடைத் தராசில் அது உண்மை, ஏலக்கூடத்தில் பல நேரம் தலைகீழ். சுவிஸ் நிறுவனமான பட்டேக் பிலிப்பின் 1518 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் வந்தது. நாள், கிழமை, மாதம், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் காட்டும், ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது. மொத்தம் 281 செய்தார்கள், அநேகமாக எல்லாமே தங்கம். ஸ்டீலில் தெரியவந்தவை நான்கே நான்கு. அதில் ஒன்று 2016-இல் ஜெனீவாவில் 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போனது. தங்கத்தில் செய்த அதன் உடன்பிறப்புகள் பெரும்பாலும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

புதிதாகக் கடைக்கு வந்த வாட்சிலும் இதே கதை உண்டு. 1972-இல் ஓடெமார் பிகே நிறுவனம் ஜெரால்டு ஜென்டா வரைந்த ‘ராயல் ஓக்’ வாட்சை ஸ்டீலில் வெளியிட்டது. எண்கோண வளையம், மேலே எட்டு திருகாணி வெளிப்படையாகத் தெரியும். விலை 3,300 பிராங்க். அன்றைய தங்க வாட்சுகள் பலவற்றைவிட அதிகம். ஸ்டீலுக்கு இந்த விலையா என்று பலர் கேட்டார்கள். இன்று அந்த முதல் வரிசை கிடைப்பதே கஷ்டம்.

அப்போ மதிப்பை எதுதான் தீர்மானிக்குது?

யார் செய்தது, எத்தனை செய்தார்கள், அதில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் உண்டு. இவை அத்தனையும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாட்சுகளை எடுத்து வையுங்கள். ஒன்று மற்றதைப்போல ஐந்து மடங்கு விலை போகும். காரணம், அதில் யாரும் கை வைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த டயல், முள், கேஸ் என்ற வெளிக்கூடு, சாவி, எதையும் மாற்றாமல், தேய்க்காமல், பெயிண்ட் அடிக்காமல் இருப்பதுதான் விண்டேஜ் வாட்சின் உயிர். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் டயல்தான் முதலிடம். சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியில் பார்ப்பது எழுத்தின் விளிம்பு, நொடிக் கோடுகளின் சீர், எண்களின் வடிவம். கறுப்பு டயல் வெயிலில் வெந்து ஒரே சீராகக் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தால் அதற்கு ‘டிராபிக்கல்’ என்று பெயர். அது ஒரு குறைதான். ஆனால் அப்படி மாறியது அபூர்வம், பொய்யாகச் செய்வதும் கடினம், அதனால் விலை ஏறுகிறது.

டயல் மங்கிப்போச்சு. புது பெயிண்ட் அடிச்சா பளபளன்னு ஆயிடுமே, விலையும் ஏறும்ல?

பளபளப்பு வரும், விலை பாதியாகும், சில மாடல்களில் இன்னும் மோசம். தஞ்சாவூர் வெண்கலச் சிலையைச் சுரண்டி மெருகு போட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கும்.

வாங்கும்போது கண்டுபிடிக்கச் சில வழிகள்: எழுத்துகள் தடிமனாக, லேசாகக் கோணியிருக்கும். நொடிக் கோடுகள் பதித்த குறிகளோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். அடியில் 6 மணிக்குக் கீழே இருக்கவேண்டிய ‘ஸ்விஸ்’ என்ற சொல் காணாமல் போயிருக்கும். நான் வாங்கிய மூன்றாவது வாட்ச் இப்படிப்பட்டது. விற்றவர் ‘பெட்டியைப் பிரிக்காத பழைய சரக்கு’ என்றார். அதை இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருபவர்களிடம் அதை ஒரு கையிலும் நல்ல டயலை மறு கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை வித்தியாசம் தெரிந்துவிட்டால் பிறகு கண் ஏமாறாது.

இருட்டுல மின்னுற ரேடியம் வாட்ச் ஆபத்துன்னு சொல்றாங்களே, கட்டலாமா?

நாம் எல்லா ஒளிரும் முள்ளையும் ‘ரேடியம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிஜமான ரேடியம் 1960-களின் தொடக்கம் வரைதான் பரவலாக இருந்தது. அமெரிக்காவில் டயலில் ரேடியம் பூசிய பெண்கள் பலர் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அரித்து இறந்துபோனார்கள். 1920-களில் அவர்கள் தொடர்ந்த வழக்குதான் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் மாறுவதற்கு வழிவகுத்தது.

ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 வருடம். பூச்சு மின்னுவது நின்றாலும் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். கண்ணாடி மூடிய வாட்சை அவ்வப்போது கட்டுவதைவிட, அதைத் திறந்து பூச்சைச் சுரண்டி அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் வீட்டில் திறக்கவே வேண்டாம், தலையணைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ரேடியத்துக்குப் பதிலாகப் பிறகு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம். அந்த டயல்களில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் பக்கத்தில் ஆங்கில ‘T’ எழுத்து இருக்கும். எழுபதுகளின் டிரிட்டிய வாட்ச் இன்று பளீரென்று மின்னினால் யாரோ புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் இரண்டு நிறமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேஸ்ல கீறல் நிறைய இருக்கு. பாலிஷ் மட்டும் போட்டுக்கலாமா?

வேண்டாம். பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கேஸின் கூரான ஓரங்கள், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் சரிவு எல்லாம் சோப்புக்கட்டி போல வழவழத்துவிடும். என் தாத்தாவின் வாட்சை ஆயில் விடத்தான் கொடுத்தேன். கடைக்காரர் கேட்காமலேயே பாலிஷும் போட்டுக் கொடுத்தார். ஐம்பது வருடம் தாத்தா கையில் பட்ட தடங்கள் ஒரே மதியத்தில் போயின, இன்றும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதன்பிறகு எந்த வாட்சைச் சர்வீஸுக்குக் கொடுத்தாலும் ‘பாலிஷ் வேண்டாம், கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குகிறேன்.

ஒரு நடிகர் கட்டின வாட்ச் நூறு கோடிக்கு மேல போச்சாமே, நிஜமா?

நிஜம். ஹாலிவுட் நடிகரும் கார் பந்தய வீரருமான பால் நியூமேனின் ரோலக்ஸ் டேட்டோனா, மாடல் எண் 6239. 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த டயல் அமைப்பு வெளிவந்த காலத்தில் விலைபோகாமல் கடைகளில் தேங்கியது. அவர் கட்டிய பிறகு அந்த அமைப்புக்கே அவர் பெயர் வந்தது. இந்தக் குறிப்பிட்ட வாட்ச் அவர் மனைவி ஜோன் உட்வர்ட் பரிசளித்தது, பின்பக்கம் ‘கவனமாக ஓட்டு, நான்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது.

யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு அறுபடாமல் இருந்தால் விலை வேறு உலகத்துக்குப் போய்விடும். காந்தியின் ஜெனித் பாக்கெட் கடிகாரமும் அப்படித்தான். 2009-இல் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு சேர்த்து நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சான்று இல்லாத ‘ராஜா கட்டின வாட்ச்’ கதைக்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எங்க அப்பாவோட எச்எம்டி இருக்கு. எவ்வளவு போகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஜனதா, பைலட், கோஹினூர், ஜவான் என்று எந்த மாடலானாலும் பொதுவாகச் சில ஆயிரம் ரூபாய்தான். லட்சக்கணக்கில் தயாரானவை, இன்னும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. அரிதான டயல், பார்வையற்றவர்கள் தொட்டு மணி பார்க்கும் பிரெயில் மாடல் போன்றவற்றுக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

ஆனால் நான் சேகரிக்க ஆரம்பித்ததே எச்எம்டியில்தான், புதியவர்களையும் அதிலேயே ஆரம்பிக்கச் சொல்வேன். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தில், அதே ஆளுக்கு ஓய்வுபெறும் நாளில் என்று இரண்டு முறை கைக்கு வந்த வாட்ச். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வந்து குவிந்ததும் எச்எம்டியின் காலம் சரிந்தது. 2016-இல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உங்கள் அப்பாவின் வாட்சை விற்காதீர்கள் என்பதே என் பதில். சந்தையில் கிடைக்கும் தொகை அதற்கு ஈடாகாது.

ஆன்லைன்ல பழைய ஃபேவர் லூபா, புதுசு மாதிரி, மூவாயிரம்தான் சொல்றான். வாங்கட்டுமா?

ஃபேவர் லூபா உண்மையிலேயே பெரிய பெயர். 1737-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் சுவிஸ் நிறுவனம், 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்தியாவில் அந்த வாட்சுகள் இவ்வளவு கிடைக்கின்றன. அதே காரணத்தால் போலி ஒட்டுவேலையும் இங்கேதான் அதிகம். பழைய மெஷின், எங்கிருந்தோ எடுத்த கேஸ், மேலே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, நீலத்தில் புதுப் பெயிண்ட் டயல். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த விலைக்குப் புதுசு போல ஒன்று கிடைத்தால் மேலே பெயிண்ட் கேள்விக்குச் சொன்ன அடையாளங்களை வைத்துப் பாருங்கள், பத்தில் ஒன்பது அங்கேயே மாட்டும். அழகுக்குக் கட்டிக்கொள்ளத் தடையில்லை. ஃபேவர் லூபா வைத்திருக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய ஏலத்துல, பெட்டி பேப்பரோட வாங்கினா பயமே இல்லதானே?

பயம் குறையும், போகாது. 2021-இல் ஜெனீவாவில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் வரிசை வாட்ச் ஒன்று, காப்பி நிற டிராபிக்கல் டயலோடு, 31 லட்சம் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் பார்த்தால் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று தெரிந்தது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு இருப்பதாக ஒமேகா அறிவித்தது. செய்த கம்பெனியே ஏமாறுகிறது என்றால் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

பெட்டியும் பேப்பரும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன, அதனால் எண்கள் வாட்சோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பட்டேக் பிலிப், லாஞ்சின் போன்றவர்கள் தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று தருவார்கள். ரோலக்ஸ் தருவதில்லை. விற்பவர் மெஷினின் படத்தைக் காட்டத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுவது என் வழக்கம்.

முதலீடா நினைச்சு வாங்கலாமா?

நான் சொல்ல மாட்டேன். கொரோனா காலத்தில் பட்டேக்கின் நாட்டிலஸ் 5711 கடை விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறியது. அந்த உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் உண்டு. 2022-இன் நடுவிலிருந்து விலைகள் இறங்கின. தங்கத்தை எந்தத் தெருவிலும் விற்கலாம், வாட்சை விற்க ஆள் தேட வேண்டும். கமிஷன், சர்வீஸ், காப்பீடு என்று செலவு வேறு. விலை ஏறாவிட்டாலும் இதைக் கட்டிக்கொள்வேன் என்று தோன்றினால் வாங்குங்கள்.

கட்டாம பெட்டிக்குள்ள வச்சா பத்திரமா இருக்கும்ல?

ஆயில் உறைந்துபோகும். மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிடுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி ஆயில் விடவேண்டும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தாலும் பழைய ரப்பர் வளையத்தை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம். நம் ஊர் வியர்வையே அதற்குப் பெரிய எதிரி. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு எதுவும் காரணமாகலாம். கடையில் சில நொடியில் எடுத்துவிடுவார்கள். தேதி காட்டும் வாட்சில் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைத் திருப்பாதீர்கள், உள்ளே பற்சக்கரத்தின் பல் உடையலாம்.

வாட்சுக்குப் பின்னால அப்பா பேரும் ரிட்டையர் ஆன தேதியும் பொறிச்சிருக்கு. அழிச்சுட்டா நல்ல விலை வருமா?

ஒரு பெண்மணி என்னிடம் இதைக் கேட்டபோது, வாட்ச் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி அவர் கையில் இருந்தது. விலைக்கணக்கு மட்டும் பார்த்தால், முன்பின் தெரியாதவர் பெயர் பொறித்த வாட்சைச் சிலர் ஒதுக்குவார்கள், கொஞ்சம் குறையும். ஆனால் அழிப்பது என்றால் பாலிஷ்தான். மூடி மெலியும், தேய்த்த தடம் தெரியும், விலை இன்னும் குறையும். நியூமேன் வாட்சின் பின்பக்கத்தில் இருந்த அந்த மூன்று சொற்களை யாராவது தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

அவரிடம் இதைச் சொன்னேன். வாட்சை வாங்கிச் சாவி கொடுத்தேன், ஓடவில்லை, ஆயில் காய்ந்திருந்தது. கழுவி ஆயில் விட்டதும் ஓட ஆரம்பித்தது. இப்போது அவர் மகன் கட்டியிருக்கிறான்.